எண் அசைவது நிற்கும்வரை

கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
லாரிகளை எடை போடுகிறேன், பதினோரு வருஷமாக.
மாங்காய், தக்காளி, எம்-சாண்ட், ஒருமுறை
பெட்டி பெட்டியாகக் கோழிக்குஞ்சு.
பாரம் ஏறியதும் சிவப்பு எண்கள் துள்ளும்.
துள்ளி, தயங்கி, நிற்கும்.
நின்ற பிறகுதான் ரசீது.

லைசென்ஸ் கைக்கு வந்தபோது
கடலை நாலாவது முறையாகப் போயிருந்தது.
பன்றிகள் மேய்வதில்லை, உழுகின்றன.
ஒன்றரை ஏக்கர், விடிவதற்குள்,
டிராக்டர் வாடகை இல்லாமல்.
பஞ்சாயத்துப் பட்டியலில்
எட்டு ஆண்பிள்ளைகளுக்குக் கீழே என் பெயர்.
'துப்பாக்கி வகை' என்ற கட்டம் மட்டும் காலி.

பாலக்காட்டில் கடை.
ஔசேப்பு கண்ணாடிப் பெட்டியைத் திறக்குமுன்
நகைக்கடைக்காரர் மாதிரி விரல்களைத் துடைத்துக்கொண்டார்.
"ரெண்டரைக் கிலோ. பிடிச்சு நோக்கு."
பிடித்தேன். கறிவேப்பிலைக் கட்டுதான்.
நூறு மீட்டரில் மூன்று குண்டும்
ஒரு எட்டணாக் காசுக்குள் விழுமாம்.
அட்டை காட்டினார்.
மூன்று துளைகள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு.

எங்கள் மேடைக்கும் இப்படித்தான் சீல் வைப்பார்கள்:
காற்றில்லாத காலை, கழுவிய மேடை,
அரசாங்கத்து எடைக்கல்.
மழைக்கும் டிரைவரின் அவசரத்துக்கும்
அன்றைக்கு லீவு.

"கொறச்சு உதைக்கும்" என்றார் பிறகு,
மாப்பிள்ளைக்குக் குடியுண்டு என்பதுபோல்
குரலைத் தாழ்த்தி.
ஒரு கிலோவைக் குறைத்தவன்
அதை எங்கே ஒளித்தான் என்று
தோள்பட்டைதான் சொல்லும் போல.

விலை கேட்டேன்.
மூன்று மாம்பருவம்.
அதுவும் பூ உதிராத மூன்று.
பன்றிக்குப் பஞ்சாயத்து தருவதை வைத்து
ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
இருநூறு பன்றி வேண்டும்.
இருநூறு பன்றி இருக்கிற ஊரில்
நாங்கள் இருக்க மாட்டோம்.

நெல்லியாம்பதி எஸ்டேட் ஒன்று கைமாறியதில் வந்த
ரெட்டைக்குழல் அடுத்து.
வெள்ளிப் பூ, கொடி, குழலில் யாரோ துரையின் முதலெழுத்து.
தூக்கிய கை அவரை நினைத்துப் பரிதாபப்பட்டது,
அல்லது அவருக்குத் தூக்கிக்கொண்டு நடந்தவனை.

என் வழியில் பார்த்துவிடலாம் என்று
எதிர்ச்சுவர்க் காலண்டரைக் குறிவைத்தேன்.
ஒன்பதாம் தேதியின் வயிறு.
லேசானது நிற்கவே இல்லை,
என் நாடி துடிக்கத் துடிக்க
ஒன்பதுக்கும் பதினாறுக்கும் அலைந்தது.
ரெட்டைக்குழல் நின்றது.
நான் நிற்கவில்லை.

மூலையில், குடைகளோடு, ஒரு பழைய முந்நூற்றுப் பதினைந்து.
கட்டையின் பின்புறம் இரண்டங்குலத்தை
யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.
"அது கேடு வந்நது" என்றார், "அதான் பாதி விலை."
எடுத்தேன்.
கன்னம் கேட்காமலே போய் உட்கார்ந்தது.
அறுத்தது குட்டையான ஆள்.
எந்தக் கொல்லையில் காத்திருந்த ஆளோ,
ஆணோ பெண்ணோ,
கை நீளம் என்னுடையது.
ஒன்பது துள்ளியது.
தயங்கியது.
நின்றது.

பில் போடச் சொன்னேன்.

பேர் மாற்றும் காகிதம் கலெக்டரேட்டில்
நாலு மாதம் தூங்கி எழுந்தது.
கிடைத்த அன்றைக்கு ராத்திரி டியூட்டி,
உறையோடு கொண்டுபோனேன்.
பன்னிரண்டு மணிக்கு வண்டிகள் ஓய்ந்தன.
மேடையின் நடுவில் போய் அதைத் தோளில் மாட்டி நின்று
ஜன்னல் வழியே எண்ணைப் பார்த்தேன்.
அறுபது.
அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து
மறுபடி நின்றேன்.
அறுபது.

அறுபது டன் தாங்குகிற மேடை.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் இல்லை.
நான் எதையும் சுமக்கவில்லை என்று
தேதி, நேரத்தோடு
அச்சடித்தே தரும், கேட்டால்.

ஹாரன்.
தத்தமங்கலம் வண்டி, வைக்கோல்.
சைதாலி தலையை நீட்டினான்:
"சேச்சி, கேறட்டே?"

இறங்கினேன்.
எண்கள் பூஜ்யத்துக்குப் போகக் காத்திருந்து
கையைக் காட்டினேன்.